வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு: கடைசி ஆண்டிலிருந்து கணக்குப் போடுங்கள்

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவந்து, பொதுப் பல்கலைக்கழக இடங்களும் அறிவிக்கப்பட்ட பின் ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சிதான். பிள்ளை நன்றாகத் தேர்ச்சி பெற்றிருக்கும். ஆனால் யுபியு வழி கிடைத்த படிப்பு மருத்துவமாக இருக்காது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும்போதே "டாக்டராவேன்" என்று சொன்ன பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே அம்மா நகையைக் கணக்குப் பார்ப்பார், அப்பா இபிஎஃப் கணக்கைப் பார்ப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமே ஏதோ ஒரு ஹோட்டல் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும். மேடையில் ஒரு ஏஜெண்ட், கையில் பளபளப்பான ஒரு துண்டறிக்கை.

அந்தத் துண்டறிக்கையில் நாடு மாறும், பல்கலைக்கழகத்தின் பெயர் மாறும். வாசகங்கள் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. "உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது." "எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்." "அதிநவீன வளாகம்." "குறைந்த கட்டணம்." "நுழைவுத் தேர்வு இல்லை." கடைசியில், தயங்கி நிற்கும் அம்மாக்களுக்காக, "தென்னிந்திய உணவு உண்டு."

உணவு உண்மையாகவே கிடைக்கலாம். மற்ற ஐந்து வாசகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். ஐந்து, ஆறு ஆண்டுகள் கழித்துப் பிள்ளை வெள்ளை அங்கியுடன் நம் நாட்டு மருத்துவமனைக்குள் நுழையுமா என்பது அவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

கடல் கடந்து படிப்பது புதிதல்ல

வெளிநாட்டில் மருத்துவம் படிப்பது இரண்டாந்தர வழி என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்த மண்ணில் மேற்கத்திய மருத்துவக் கல்வி தொடங்கியதே கடல் கடந்துதான். சிங்கப்பூரில் 1905-இல் மருத்துவப் பள்ளி திறக்கப்படும் முன், நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் உதவி மருத்துவர்களாகப் பயிற்சி பெற மாணவர்களை மதராஸுக்கு அனுப்பியது. 1835-இல் தொடங்கப்பட்ட மதராஸ் மருத்துவக் கல்லூரி அன்றைக்கே ஒரு தலைமுறைக்கும் மேலான அனுபவம் பெற்றிருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் மருத்துவப் புலம் உருவானது 1960-களில்தான்.

அதன் பிறகும் இடங்கள் போதவில்லை. கர்நாடகத்தின் மணிப்பாலில் 1953-இல் தொடங்கப்பட்ட கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மலேசிய மாணவர்கள் பலரை மருத்துவர்களாக்கி அனுப்பியது. 1990-களில் பாதிப் படிப்பு அங்கே, மீதிப் படிப்பு இங்கே என்ற கூட்டுத் திட்டங்கள் வந்தன. பினாங்கில் 1996-இல் அயர்லாந்துக் கல்லூரிகளுடன் இணைந்த ஒரு மருத்துவக் கல்லூரியும், 1997-இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. உங்கள் ஊர் கிளினிக் சுவரில் தொங்கும் சான்றிதழை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். மணிப்பால், டப்ளின், கெய்ரோ, பண்டுங் என ஏதாவது ஒரு தூரத்து ஊர்ப் பெயர் அதில் இருக்கக்கூடும்.

ஆகவே போவதா வேண்டாமா என்பதைவிட, எங்கே போவது, எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

"உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது"

துண்டறிக்கையின் முதல் வாசகத்துக்குப் பொருளே கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரியையும் அங்கீகரிப்பதில்லை. அது அதன் வேலையும் அல்ல. உலகில் எங்கெங்கே மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன என்ற தொகுப்பேட்டை அது 1953 முதல் வெளியிட்டு வந்தது. அந்தப் பணி பின்னர் வேறு அமைப்புகளின் கைக்குப் போய், 2014 முதல் உலக மருத்துவப் பள்ளிகள் தொகுப்பேடு என ஒன்றாக இயங்குகிறது. ஒரு கல்லூரியின் பெயர் அதில் இருப்பதால் அக்கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு என்று பொருள் கொள்ளக்கூடாது என்று தொகுப்பேடே தெளிவாகச் சொல்கிறது. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் இருப்பது நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடாது, அல்லவா? அதுபோலத்தான்.

மலேசியாவில் யார் மருத்துவராகப் பணிபுரியலாம் என்பதைத் தீர்மானிப்பது 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம். அதைச் செயல்படுத்துவது மலேசிய மருத்துவ மன்றம். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தெந்தப் பட்டம் ஏற்கப்படும் என்ற பட்டியல் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியல் நாடுவாரியானதாகத் தெரிந்தாலும், ஏற்பு பல்கலைக்கழகத்துக்குத்தான். "இந்தியாவுக்கு அங்கீகாரம் உண்டு", "இந்தோனேசியாவுக்கு உண்டு" என்று யாராவது சொன்னால் அது அரைகுறைத் தகவல். ஒரே நகரத்தில் ஒரு கல்லூரி பட்டியலில் இருக்கலாம், அடுத்த தெருவில் உள்ளது இல்லாமல் போகலாம்.

பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர்களுக்குக் கதவு முற்றாக மூடப்படுவதில்லை. அவர்கள் மருத்துவத் தகுதித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற வேண்டும். எழுத்துத் தேர்வு, நோயாளியைப் பரிசோதிக்கும் செய்முறைத் தேர்வு இரண்டும் அதில் உண்டு. ஆறு ஆண்டு படித்து முடித்த பிறகு, சம்பளம் இல்லாமல், மீண்டும் புத்தகத்துடன் உட்கார வேண்டிய காலம் அது. ஏஜெண்ட் அதை "ஒரு சின்னப் பரீட்சை" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பட்டியலும் கல்லில் செதுக்கியது அல்ல. நம் சமூகத்துப் பெற்றோர் பலருக்கு 2005-ஆம் ஆண்டு நினைவிருக்கும். கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிய அங்கீகாரத்தை மீட்டுக்கொள்ளப் போவதாக நம் அரசாங்கம் அறிவித்தபோது எழுந்த பதற்றம் சாதாரணமானதல்ல. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கதி என்ன என்று பெற்றோர் அலைந்தார்கள்.

படித்து முடித்துச் சிங்கப்பூரில் வேலை தேடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. சிங்கப்பூர் தன் பட்டியலில் இருந்த 160 வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளை 2020 ஜனவரி 1 முதல் 103 ஆகக் குறைத்தது. ஒரே அறிவிப்பில் 57 பள்ளிகள் வெளியே போயின. ஏற்கெனவே அவற்றில் படித்துக்கொண்டிருந்த சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு தரப்பட்டது. அண்மைக் காலத்தில் மீண்டும் சில பள்ளிகள் சேர்க்கப்பட்டுள்ளன. பட்டியல் சுருங்கும், விரியும். சேரும் நாளில் உள்ள பட்டியலை மன்றத்தின் இணையத்தளத்தில் நீங்களே பார்த்து, தேதியுடன் அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் மன்றத்துக்கே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்"

இந்த வாசகம் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பாதி உண்மை. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவை விரிவுரை மண்டபத்தில் நடக்கும். ஆங்கிலத்தில் நடத்தலாம். அதற்குப் பிறகு மாணவர் வார்டுக்குள் நுழைகிறார். அங்கே கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது.

இது ஏதோ வசதிக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 1975-இல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் எளிய ஆய்வு வெளிவந்தது. வெளிநோயாளிகளாகப் புதிதாக வந்த 80 பேரை மருத்துவர்கள் பார்த்தார்கள். நோய் இன்னதென்று எந்தக் கட்டத்தில் தெரிந்தது என்று குறித்து வைத்தார்கள். 80 பேரில் 66 பேருக்கு, நோயாளி சொன்ன வரலாற்றைக் கேட்ட அளவிலேயே மருத்துவர் செய்த முடிவு கடைசி முடிவோடு ஒத்துப்போனது. உடலைத் தொட்டுப் பரிசோதித்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. இரத்தம், எக்ஸ்ரே போன்ற சோதனைகளால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. அதற்குப் பிறகு ஸ்கேன் கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனாலும் எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்வதே நோயாளியின் வாய்ச்சொல்தான்.

நெஞ்சு கரிக்கிறது, நெஞ்சு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டும் வயிற்று அமிலத்தைச் சுட்டலாம், மூன்றாவது மாரடைப்பாக இருக்கலாம். அதே நெஞ்சு வலியை நீரிழிவு உள்ள ஒருவர் "ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொல்லக்கூடும். எங்கே இடைமறித்துக் கேட்க வேண்டும், எங்கே பேசவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதைப் புத்தகம் கற்றுத் தராது. நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பேசிப் பேசித்தான் வரும்.

ரஷ்யாவில் படிக்கும் மாணவர் வார்டில் ரஷ்ய மொழி பேச வேண்டும். மணிப்பாலில் கன்னடமும் துளுவும் காதில் விழும். எகிப்தில் அரபு. மொழியைக் கற்கச் சோம்பும் மாணவர் ஒரு மொழிபெயர்ப்பாளரின் தோளுக்குப் பின்னால் நின்று மூன்று ஆண்டுகளைக் கழித்துவிடுவார். பட்டம் கிடைத்துவிடும், காது பழகியிருக்காது.

இந்தோனேசியாவில் அந்தப் பிரச்சினை இல்லையே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. மலாய் தெரிந்த பிள்ளைக்கு இந்தோனேசிய வார்டு பழக அதிக நாள் ஆகாது. ஆனால் அங்கேயும் வழுக்கும் இடங்கள் உண்டு. இந்தோனேசிய நோயாளி "பூசிங்" என்றால் தலை சுற்றுகிறது, தலை வலிக்கிறது என்று பொருள். நமக்கோ அது சுற்றுவது, திரும்புவது. நாம் அதற்குச் சொல்வது "பெனிங்". படித்துத் திரும்பியவர் கிள்ளான் மருத்துவமனையில் மலாயும், "இனிப்பு நீர்" என்று சொல்லும் நம் பாட்டியின் தமிழும், ஹொக்கியன் பேசும் தாத்தாவின் சைகையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே மண்டபத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது: "மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளியிடம் எந்த மொழியில் பேச வேண்டும்? அந்த மொழியை முதலாம் ஆண்டிலிருந்தே தேர்வு வைத்துக் கற்றுத் தருகிறீர்களா?"

"அதிநவீன வளாகம்"

படத்தில் கண்ணாடிக் கட்டடம், நீச்சல் குளம், புல்வெளி எல்லாம் இருக்கும். இவற்றில் எதுவும் ஒருவரை மருத்துவராக்குவதில்லை. இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நிரூபித்துவிட்டார். ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர், கல்வியாளர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி 1910-இல் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். மாணவர்களிடம் பணம் வாங்கிப் பட்டம் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த பள்ளிகள் பலவற்றில் ஆய்வுக்கூடம் பெயரளவுக்குத்தான் இருந்தது. கற்பிக்க மருத்துவமனையே இல்லாத பள்ளிகளும் இருந்தன. அந்த அறிக்கைக்குப் பிறகு ஏராளமான பள்ளிகள் மூடப்பட்டன அல்லது வேறு பள்ளிகளுடன் இணைந்தன. அவர் கேட்டவை எளிய கேள்விகள். சேரும் மாணவரின் தகுதி என்ன? முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர்? ஆய்வுக்கூடம் இயங்குகிறதா? மருத்துவமனை யாருடையது, அதில் மாணவருக்கு என்ன உரிமை?

கடைசிக் கேள்விதான் இன்றைக்கும் முதல் கேள்வி. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அல்லது அரசு மருத்துவமனையில் இடம் கடன் வாங்குகிறதா? ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்பார்கள்? ஐந்து பேர் நின்றால் ஐவரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம். இருபது பேர் நின்றால் பின்வரிசைக்காரருக்குப் பேராசிரியரின் முதுகுதான் தெரியும். பிரசவம் எத்தனை பார்ப்பார்கள், தையல் போட விடுவார்களா, இரவுப் பணி உண்டா என்பதை அங்கே இறுதியாண்டு படிக்கும் மலேசிய மாணவரிடம் கேளுங்கள். ஏஜெண்ட் ஏற்பாடு செய்து தரும் மாணவர் வேண்டாம். நீங்களாகத் தேடிப் பிடித்தவரிடம் பேசுங்கள்.

நோய்களும் ஊருக்கு ஊர் வேறுபடும். குளிர் நாட்டில் படித்தவர் டெங்கியைப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கலாம். டெங்கியில் ஒரு பொறி உண்டு. காய்ச்சல் குறையும் நேரம்தான் பெரும்பாலும் ஆபத்து தொடங்கும் நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டிப்பட்டு, நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். காய்ச்சல் விட்டதும் "தேவலாம்" என்று சொல்லும் நோயாளியைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும். வெப்பமண்டல வார்டில் பழகியவருக்கு அந்தச் சந்தேகம் தானாகவே வரும். இந்த ஒரு விஷயத்தில் தென்னிந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் படித்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மறுபக்கம், அயர்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் படித்தவர்களுக்கு முதியோர் மருத்துவம், நோயாளியிடம் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லும் முறை போன்றவற்றில் முறையான பயிற்சி கிடைக்கும். எல்லா நிறைவும் ஒரே இடத்தில் கிடைக்காது. எது குறைகிறது என்று தெரிந்திருந்தால், விடுமுறையில் நம் நாட்டு மருத்துவமனை ஒன்றில் அனுமதி பெற்று அதைக் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வார்டுப் பயிற்சி நின்றுபோனால் படிப்பு நின்றுபோனதாகவே பொருள். 2011-இல் எகிப்தில் கிளர்ச்சி வெடித்தபோது நம் மாணவர்களை ஜித்தா வழியாக அரசாங்கம் வெளியேற்றியது. 2020 தொடக்கத்தில் எல்லையை மூடிய சீனா, வெளிநாட்டு மாணவர்களை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே விடவில்லை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து திரையில் வார்டு பார்த்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான இந்திய மருத்துவ மாணவர்கள் எல்லையை நோக்கி நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அரசியலை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் "இப்படி ஒன்று நடந்தால் மாணவர்களை வேறு எங்கே மாற்றுவீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்கலாம்.

"குறைந்த கட்டணம்"

முதலில் ஆண்டுகளை எண்ணுங்கள். பிரிட்டனில் பொதுவாக ஐந்து ஆண்டுகள். இந்தியாவில் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும். ரஷ்யாவில் ஆறு ஆண்டுகள். மொழிக்காகவோ அடிப்படைப் பாடங்களுக்காகவோ ஓராண்டு ஆயத்தப் படிப்பு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் குறைவாக இருந்து, ஆண்டு ஒன்று கூடினால் மொத்தச் செலவு தலைகீழாகலாம். விடுதி, சாப்பாடு, காப்புறுதி, விசா புதுப்பிப்பு, ஆண்டுக்கொரு விமானப் பயணம் ஆகியவை துண்டறிக்கையில் சிறிய எழுத்தில்கூட இருக்காது.

அடுத்தது நாணய மதிப்பு. 1997-இன் நடுப்பகுதி வரை ஒரு அமெரிக்க டாலர் ஏறக்குறைய இரண்டரை ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது. 10,000 டாலர் கட்டணத்துக்கு 25,000 ரிங்கிட் ஒதுக்கிய குடும்பம், ஓராண்டு கழித்து 38,000 ரிங்கிட் தேட வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் கட்டணத்தில் ஒரு காசும் ஏற்றவில்லை, நம் பணம்தான் இறங்கியது. படிப்புக் காலம் ஆறு ஆண்டு என்றால் இப்படி ஒரு அதிர்ச்சியைத் தாங்கும் இருப்பு கையில் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் பணம் தீர்ந்து பாதியில் திரும்பும் மாணவரின் கையில் பட்டமும் இருக்காது. வேறு கல்லூரியில் தொடர்வதும் எளிதல்ல.

பிடிபிடிஎன் கடனுதவி உள்நாட்டுக் கல்வி நிலையங்களுக்குத்தான். வெளிநாட்டுக்கு அதை நம்ப முடியாது. இபிஎஃப் சேமிப்பின் ஒரு பகுதியைப் பிள்ளையின் கல்விக்காக எடுக்க வழி உண்டு. ஆனால் அது பெற்றோரின் முதுமைக்கான பணம். வீட்டை அடகு வைக்கும் முன், உள்நாட்டுத் தனியார் கல்லூரியின் மொத்தச் செலவையும் அதே தாளில், அதே நேர்மையுடன் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாடு எப்போதும் மலிவு என்பது பழைய நம்பிக்கை. சில வேளை அது சரி, சில வேளை இல்லை.

"நுழைவுத் தேர்வு இல்லை"

கேட்க இனிமையாக இருக்கும் இந்த வாசகத்தில்தான் மிகப் பெரிய பள்ளம் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உங்கள் பிள்ளையை எந்தப் புள்ளிகளுடனும் சேர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டு விதி அப்படி இல்லை. மருத்துவம் படிக்கக் குறைந்தபட்சத் தகுதியை மலேசிய மருத்துவ மன்றம் வகுத்திருக்கிறது. எஸ்பிஎம்-இல் அறிவியல், கணிதப் பாடங்கள் உட்பட ஐந்து பாடங்களில் குறைந்தது பி. அதன் பிறகு எஸ்டிபிஎம் அல்லது ஏ லெவலில் உயிரியல், வேதியியல், மேலும் இயற்பியல் அல்லது கணிதம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி. இவை பொதுவான அளவுகோல். அடிப்படைக் கல்வி, டிப்ளோமா வழி வருவோருக்குத் தனி அளவுகோல்கள் உண்டு. அவ்வப்போது திருத்தப்படுவதால், அந்த ஆண்டுக்குரிய விதியைப் பார்க்க வேண்டும்.

வெளிநாடு செல்லும் மாணவர் புறப்படும் முன் உயர்கல்வி அமைச்சிடம் ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் பெற வேண்டும். தகுதியும் கல்லூரியும் சரிதானா என்பதைச் சரிபார்க்கும் வாயில் அது. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். தகுதி இல்லாமல் படிக்கப் போனவர் பட்டத்துடன் திரும்பினாலும் பதிவு செய்யும் நேரத்தில் சிக்கிக்கொள்வார். இந்தியாவுக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே எம்பிபிஎஸ் சேர வெளிநாட்டு மாணவர்களும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். அந்தத் தேர்வுக்கு ஆயத்தமாகவே பல மாதங்கள் தேவை.

புள்ளிகள் குறைந்தபட்சத் தகுதியையே தொடவில்லை என்றால், அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை. மருந்தியல், இயன்முறை மருத்துவம், மருத்துவ ஆய்வுக்கூட அறிவியல், தாதிமை என நோயாளிக்கு அருகிலேயே நிற்கும் தொழில்கள் பல இருக்கின்றன. பிள்ளைக்குப் பிடித்தது நோயாளியைக் குணமாக்குவதா, பெயருக்கு முன்னால் வரும் அந்த இரண்டு எழுத்தா என்று ஒருமுறை உட்கார்ந்து பேசலாம்.

திரும்பி வந்த பிறகு

பட்டத்துடன் திரும்பியவருக்கு முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. அதன் பிறகு அரசு மருத்துவமனையில் குறைந்தது இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவர் பணி. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, எலும்பியல் எனத் துறைக்கு நான்கு மாதம் வீதம் ஆறு துறைகள். ஒவ்வொரு துறையிலும் தேறினால்தான் அடுத்தது. தேறாவிட்டால் நீட்டிப்பு. எல்லாம் முடிந்தால்தான் முழுப் பதிவு. அதற்குப் பிறகும் கட்டாயச் சேவை உண்டு.

2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே நியமிக்கப்படுகிறார்கள். நிரந்தர வேலை எல்லாருக்கும் உறுதியில்லை. 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் மருத்துவமனைகளுக்கு வெளியே கறுப்பு உடையில் வந்து நின்றது இதற்காகத்தான். "டாக்டரானால் வேலை நிச்சயம்" என்ற நம் பெற்றோர் காலத்து வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டிய காலம் இது. நிபுணராக வேண்டுமென்றால் இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இன்று பதினெட்டு, பத்தொன்பது வயதில் புறப்படும் பிள்ளை முழுப் பதிவு பெறும்போது இருபத்தேழு வயதைத் தொட்டிருக்கும்.

இந்த வார்டில் யாரும் எங்கே படித்தாய் என்று நெடுநாள் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மூச்சுத் திணறலோடு வரும் நோயாளிக்கு ஊசி நரம்பைக் கண்டுபிடிக்கத் தெரியுமா, மூத்த மருத்துவரை எப்போது எழுப்ப வேண்டும் என்று தெரியுமா என்பதே அங்கே கேள்வி. மேலே சொன்ன மொழியும் கட்டிலும் நோயும் அங்கேதான் கணக்குக்கு வரும்.

கடைசியிலிருந்து எண்ணும் ஏழு கேள்விகள்

துண்டறிக்கை, இடம் கிடைப்பதிலிருந்து தொடங்கும். நீங்கள் எதிர்த்திசையில் வாருங்கள்.

1. பிள்ளை எந்த நாட்டில் மருத்துவராகப் பணிபுரிய விரும்புகிறது?

2. அந்த நாட்டின் மருத்துவ மன்றப் பட்டியலில் இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டம் இன்றைக்கு இருக்கிறதா? இல்லையென்றால் தகுதித் தேர்வுக்கு எத்தனை காலமும் பணமும் ஒதுக்க முடியும்?

3. கடைசி மூன்று ஆண்டு வார்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாணவர்களுடன்?

4. அங்கே நோயாளி பேசும் மொழியைக் கற்கப் பிள்ளை தயாரா?

5. ரிங்கிட் மதிப்பு பாதியளவு இறங்கினாலும் கடைசி ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட முடியுமா?

6. நாட்டில் குழப்பம் வந்தால் மாற்று ஏற்பாடு என்ன?

7. குறைந்தபட்சத் தகுதியும் ஆட்சேபணையில்லாச் சான்றிதழும் கையில் இருக்கின்றனவா?

முதல் கேள்விக்கு விடை இல்லாமல் ஏழாவதுக்கு வருபவர்கள்தான் ஹோட்டல் மண்டபத்திலேயே முன்பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். ஏழுக்கும் விடை கண்டுபிடித்துவிட்டுப் புறப்படும் பிள்ளைக்கு மணிப்பாலோ மாஸ்கோவோ பண்டுங்கோ எதுவானாலும் நல்ல பள்ளியாக முடியும். விடைகளைத் தேட ஒரு மாதம் ஆகலாம். இந்த ஆண்டுச் சேர்க்கையே தவறிப் போகலாம். ஆறு ஆண்டுப் பயணத்துக்கு முன் ஓர் ஆண்டு தாமதம் பெரிய இழப்பு இல்லை.

அந்த ஒரு மாதத்தில் பிள்ளையை ஓர் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒரு நாள் காலையில் அழைத்துப் போங்கள். ஏழு மணிக்கே எண் எடுத்துக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே இரண்டு மணி நேரம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். இருமலையும் முனகலையும், நான்கு மொழிப் பேச்சையும் கேட்டுவிட்டு, "எனக்கு இங்கேதான் வேலை செய்யணும்" என்று பிள்ளை சொன்னால், துண்டறிக்கையைப் பிறகு எடுத்துப் பார்க்கலாம்.